புது சைலன்சர், பழைய நட்டு

அக்டோபர் 29, ஞாயிறு

காலையில் காசிமாயன் மாப்பிள்ளை பைக்கோடு வந்தார். என் தங்கச்சி பவளக்கொடியின் வீட்டுக்காரர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. சைலன்சரின் அடிப்பக்கம் துருவேறி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. புது சைலன்சர் வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிக்கந்தர் பட்டறையில் ஆறு வண்டி வரிசையில் நிற்கிறதாம். செவ்வாய்க்கிழமைதான் ஆகும் என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு அவ்வளவு நாள் தாங்காது. கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர். தீபாவளிக்கு முன்னால் போடியைச் சுற்றியுள்ள எல்லா ஊரிலும் அடுப்பு ஒழுங்காக எரிந்தாக வேண்டும்.

"நமக்கு இதுதான் மச்சான் வெள்ளாமக் காலம்" என்றார்.

"நாலு வருசம் தேனியில பட்டறையில கெடந்தவன் நான் இருக்கேன். நீங்க சிக்கந்தர்கிட்டப் போயி நிக்கிறீங்க" என்றேன். ஏலக்காய் ஸ்டோரில் எடைபோடப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. ஆனாலும் ஸ்பேனர் பை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

பழையதைக் கழற்றவே ஒரு மணி நேரம். சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் உண்டு, கேஸ்கட். ஒருமுறை இறுக்கினால் நசுங்கிவிடும், மறுபடி சரியாகப் பிடிக்காது. புது சைலன்சர் மாட்டும்போது அதையும் புதிதாகப் போடுவது வழக்கம். குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் அப்படித்தான். பெட்டியில் இவை எதுவும் வரவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டால் இல்லை.

"தேனிக்குப் பஸ்ஸுல போயி வாங்கியாந்துரட்டுமா மச்சான்? ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்."

"எதுக்கு அலையிறீங்க? பழசே நல்லாத்தான இருக்கு."

வளையத்தில் இருந்த கரியைச் சுரண்டி, பேஸ்ட் தடவி அதையே போட்டேன். நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். ஒன்று நன்றாக ஏறியது. இன்னொன்று கடைசி இறுக்கில் லேசாக வழுக்கியது மாதிரி இருந்தது. அதற்குமேல் இறுக்கினால் மரை போய்விடும் என்று விட்டுவிட்டேன். கிக்கர் அடித்ததும் வண்டி பூனை மாதிரி முனகியது. மாப்பிள்ளை சிரித்தார்.

மத்தியானம் இங்கேயே சாப்பிட்டார். என் வீட்டுக்காரி மாலையம்மா ஆட்டுக்குடல் வைத்திருந்தாள். மாப்பிள்ளை சோறு பிசைந்த கையில் கோவில் கயிறு தெரிந்தது. குடியை விடுகிறேன் என்று கட்டின கயிறு. பத்து மாதம் ஆகிறது. மஞ்சள் போய் அழுக்கு நிறமாகிவிட்டது. "மாத்திக் கட்டலாம்ல" என்றாள் மாலையம்மா. "இத அவுத்தா பவளம் என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார்.

அக்டோபர் 30, திங்கள்

காய் வரத்து அதிகம். இடுப்பு வலி.

அக்டோபர் 31, செவ்வாய்

மழை. ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை. மாலையம்மா இரண்டு தடவை போய் வந்தாள்.

நவம்பர் 1, புதன்

ஸ்டோரில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது நாலு மணிக்கு ஒரு போன் வந்தது. ஐந்தரை மணிக்குப் பவளம் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வண்டியோடு விழுந்துவிட்டார். ஒயின்ஷாப் இருக்கிற சந்துக்குத் திரும்பும் வளைவில். வாய் உடைந்து, நெஞ்சில் அடி. தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நானும் மாலையம்மாவும் போனோம். உள்ளே விடவில்லை. பவளம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"எந்த எடத்துல விழுந்துருக்காருன்னு கேட்டியாண்ணே" என்றாள்.

நவம்பர் 2, வியாழன்

லீவு சொன்னேன். தாடையில் கம்பி போட்டிருக்கிறார்கள். மூக்கில் குழாய். பேச முடியாது. கண் திறந்து பார்க்கிறார். வலது விலாவில் நாலு எலும்பு போயிருக்கிறது, ஒன்று நுரையீரலைக் குத்தியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

"குடிப்பாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"குடிப்பாரு" என்றாள் பவளம். பிறகு, "விட்டுட்டேன்னு சொன்னாரு" என்றாள்.

கேன்டீனில் பவளத்துக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைப் பிய்த்து அப்படியே வைத்துவிட்டாள்.

நவம்பர் 3, வெள்ளி

பவளத்தின் மகள் கனிமொழியை நம் வீட்டில் வைத்திருக்கிறோம். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. பவளம் சொன்னாள்: "சில்லமரத்துப்பட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன மனுசன். அந்தச் சந்துல அவருக்கு என்னண்ணே வேல? அங்க யாரு வீட்டுல அடுப்பு இருக்கு? ஒயின்ஷாப்பத் தவிர என்ன இருக்கு?"

அந்தச் சந்தில் ஒயின்ஷாப்பைத் தாண்டினால் சிக்கந்தர் பட்டறை இருக்கிறது. நான் சொல்லவில்லை. அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

நவம்பர் 4, சனி

வந்தது. ஞாபகத்துக்கு வந்தது. நேற்று எழுதினது சரியில்லை.

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். பார்வை நேரத்தில் இரண்டு பேராக உள்ளே விட்டார்கள். நானும் பவளமும் போனோம். மாப்பிள்ளை விழித்திருந்தார். முகம் வீங்கி ஆள் அடையாளமே இல்லை. பவளம் கட்டில் பக்கம் போய்க் குனிந்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"குடிச்சிட்டுத்தான போனீங்க?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. குழாய் இழுத்தது. திரும்பவும் ஆட்டினார்.

"இந்த நெலமையிலயும் பொய்யா" என்றாள் பவளம். அவர் கையைத் தூக்கினார். கயிறு கட்டின கை. அவள் பிடிப்பாள் என்று நினைத்தாரோ, கயிற்றைக் காட்டினாரோ, தெரியாது. அவள் பிடிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கை அப்படியே நின்றது. அப்புறம் அவர் என்னைப் பார்த்தார். நான், "நல்லாயிரும் மாப்ள, ரெஸ்ட் எடுங்க" என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

மாலையம்மா போனாள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன்.

நவம்பர் 6, திங்கள்

காலை பத்து இருபதுக்கு மாப்பிள்ளை இறந்துவிட்டார்.

நவம்பர் 7, செவ்வாய்

போஸ்ட்மார்ட்டம் முடிந்து ஒரு மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். மூன்றரைக்கெல்லாம் எடுத்துவிட்டோம். மழை பிடித்துக்கொண்டது.

குளிப்பாட்டும்போது பவளம் ஒரு காரியம் செய்தாள். கத்தரிக்கோல் கேட்டாள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. அவர் மணிக்கட்டில் இருந்த கயிற்றை வெட்டி வாசல் சாக்கடையில் போட்டாள். "சாமி பேரச் சொல்லிப் பத்து மாசம் ஏமாத்துனாரு. அதோட போக வேணாம்" என்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கத்தில் வந்து, "என்ன செய்ய, தண்ணி யாரத்தான் விட்டுச்சு" என்றார்.

நான் தலையாட்டினேன்.

நவம்பர் 9, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். பவளத்துக்குப் போக மனசில்லை. கேஸ் எழுதினவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார். வண்டி புங்கமரத்தடியில் நிற்கிறது. இன்ஸ்பெக்ஷன் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளலாமாம்.

வண்டியைப் பார்த்தேன். ஹேண்டில்பார் வளைந்திருக்கிறது. சைலன்சர் முன்பக்கம் கழன்று தரையில் கிடக்கிறது, பின்பக்க போல்ட்டில் மட்டும் தொங்குகிறது. குழாயின் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளக்கிறது. விழுந்தால் நசுங்கும். தேயாது. ஓடுகிற வண்டியிலிருந்து கீழே இறங்கி ரோட்டில் இழுபட்டால்தான் இப்படித் தேயும். வளைவில் அது ரோட்டில் ஊன்றி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கிறது. நட்டு இரண்டுமே இல்லை.

"விழுந்த வேகத்துல பிச்சுக்கிருச்சு" என்றார் போலீஸ்காரர்.

"ஆமா சார்" என்றேன்.

நவம்பர் 10, வெள்ளி

ஒன்றாம் தேதி நாலு மணிக்கு வந்த போன் மாப்பிள்ளையுடையது. எடுத்தேன். பேசினேன்.

"மச்சான், சைலன்சர்ல பட்பட்டுன்னு ஒரு மாதிரி சவுண்டு வருது. முன்னாடி ஆடுற மாதிரியும் இருக்கு. கொண்டாரட்டுமா?"

தராசில் மூட்டை இருந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசு அப்பிடித்தான் மாப்ள இருக்கும். சூடாகிச் சூடாகி செட் ஆயிரும். ஓட்டுங்க" என்றேன்.

"சரி மச்சான்" என்றார். நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எங்களுக்கு இல்லை. தெரு முழுக்க வெடி. கனிமொழி காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். மாலையம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

நவம்பர் 16, வியாழன்

வண்டியை விட்டார்கள். பவளத்திடம் கேட்டேன், என்ன செய்யலாம் என்று. "என் கண்ணுல காட்டாத" என்றாள். தள்ளிக்கொண்டு வந்து நம் வீட்டில் நிறுத்தியிருக்கிறேன். சாக்கு போட்டு மூடினேன்.

நவம்பர் 18, சனி

அரைநாள் லீவு. பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். கேஸ்கட் ஒன்று, நட்டு இரண்டு, ஸ்பிரிங் வாஷர் இரண்டு. மூன்றாவது கடையிலேயே எல்லாம் கிடைத்துவிட்டது. போய்வர இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

வேலையை முடித்தேன். தேய்ந்த வாயை அரம் போட்டு சமப்படுத்தினேன். புது வளையம் வைத்து, புது நட்டுப் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். முறையாக எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி. ஒரு பொட்டுக் கசிவு இல்லை.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று இதைச் செய்தேன்? யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் செய்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பதினோரு மணிக்கு சிக்கந்தர் வந்தார். வண்டியை விற்பதானால் ஆள் இருக்கிறது என்று சொல்ல வந்தாராம். குனிந்து பார்த்தார். பட்டறைக்காரர் கண் நேராக அங்கேதான் போகும்.

"புது நட்டு" என்றார்.

"ஆமா பாய். இப்பத்தான் போட்டேன்."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தவசியண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நாலே காலுக்கு உங்க மாப்ள எனக்குப் போன் போட்டாரு. சைலன்சர் லூசா கெடக்கு, கடைய சாத்திராதீங்க பாய், இந்தா வந்துர்றேன்னாரு. எங்கிட்டத்தான் வந்துக்கிட்டு இருந்துருக்காரு. குடிச்ச ஆளு பேச்சு எனக்குத் தெரியாதா? தெளிவாப் பேசுனாரு. உங்க தங்கச்சிகிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போயிட்டேன். எழவு வீட்டுல எப்பிடிப் பேச்ச எடுக்குறதுன்னு திரும்பிட்டேன்."

"நான் சொல்லிக்கிறேன் பாய்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "யாரு மாட்டுனதுன்னு நான் கேக்கல" என்றார். போய்விட்டார்.

நவம்பர் 20, திங்கள்

சொல்லவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம். ஸ்டுடியோவில் பெரிதாக்கிய படத்தை மாப்பிள்ளையின் பெரியப்பா கொண்டுவந்தார். மாலையும் வாங்கிவந்திருந்தார். பவளம் படத்தை வாங்கி முகம் சுவரைப் பார்க்க சாய்த்துவைத்தாள்.

"விளக்கேத்தும்மா" என்று யாரோ சொன்னார்கள்.

"பத்து வருசம் அந்தக் கருமத்துக்குப் பயந்து செத்தேன். பத்து மாசந்தான் நிம்மதியாத் தூங்குனேன். அந்தப் பத்து மாசமும் பொய்யின்னு காட்டிட்டுப் போயிட்டாரு. ஏத்தமாட்டேன்."

கனிமொழி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன். எல்லா இலையும் எடுக்கும்வரை நின்றேன். வாயைத் திறக்க அங்கே நாற்பது பேர் தடையாக இருந்தார்கள் என்று எழுதலாம். தனியாக இருந்தால் மட்டும் திறந்திருப்பேனா?

நவம்பர் 23, வியாழன்

எடையில் தப்பு விட்டேன். வீட்டில் துக்கம் என்று முதலாளி விட்டுவிட்டார்.

நவம்பர் 25, சனி

மாலையம்மாவிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். தேனிக்குப் போய் வாங்கி வரட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அடுப்படியில் இருந்திருக்கிறாள்.

"எனக்கு அன்னைக்கே தோணுச்சு" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்ன செய்யிறது?"

கத்தியை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். கனிமொழி பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 26, ஞாயிறு

போனேன். சொன்னேன்.

பவளம் நடுவீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பர்னர், குமிழ், ரப்பர் டியூப் என்று தனித்தனியாகக் குவித்திருந்தாள். தேவதானப்பட்டியில் அதே தொழில் பார்க்கிற ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம். படம் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"பவளம், மாப்ள அன்னைக்குக் குடிக்கல."

"யாரு சொன்னா?"

சிக்கந்தர் சொன்னதைச் சொன்னேன். கையில் இருந்த பர்னரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ விடிகிற மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு நடந்தேன். சைலன்சர் எப்படியோ கழன்றுவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும், அவர் பெயர் சுத்தமாகிவிடும் என்று. அவள் விடவில்லை.

"புதுசு மாட்டி மூணு நாளுதான ஆச்சு. எப்பிடிக் கழரும்?"

சொன்னேன். பழைய வளையம், பழைய நட்டு. அவர் தேனிக்குப் போகிறேன் என்றது. நான் வேண்டாம் என்றது. ஒரு நட்டு வழுக்கினது. நாலு மணிக்கு அவர் கூப்பிட்டது, நான் ஓட்டுங்கள் என்றது. ஸ்டேஷனில் பார்த்தது. பிறகு புதிதாக வாங்கிப் போட்டது. ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது. அதையும் எழுத வேண்டும். லேசாக இருந்தது.

பவளம் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒரு குமிழை எடுத்து அதன் குவியலில் போட்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில தலைய ஆட்டுனாரே, அது நெசம்."

"நெசம்."

"நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"ஒனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

அவள் குரல் உயரவே இல்லை. "நட்டு கழண்டது எனக்கு ஒண்ணுமில்லண்ணே. நீ வேணும்னா செஞ்ச? எல்லாரும் தப்பு விடுறதுதான். அன்னைக்கு அந்த ரூமுல, இல்ல பவளம், அவரு குடிக்கலன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவரு கையப் புடிச்சிருப்பேன்ல. தூக்குன கைய விட்டுட்டு வந்துட்டேனேண்ணே. அதுக்கு மேல ரெண்டு நாளு இருந்தாரு. ரெண்டு நாளும் நான் வெளியவே உக்காந்துருந்தேன்."

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ போ. கனிமொழிய அனுப்பி விடு. நான் அவகிட்ட அவங்கப்பாவப் பத்திப் பேசணும்."

நவம்பர் 27, திங்கள்

கனிமொழியை மாலையம்மா கொண்டுபோய் விட்டாள். எனக்கிருந்த லேசு ஒரு நாள்கூட நிற்கவில்லை. என்மேல் இருந்ததை இறக்கி அவள்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 30, வியாழன்

மழை. காய் வரத்து இல்லை. பைக்கை சிக்கந்தர் சொன்ன ஆளே எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 3, ஞாயிறு

பவளத்தின் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. கூப்பிட்டேன். பேச்சு நின்றது. பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

முப்பதாம் நாள் படையல். மாலையம்மா மட்டும் போனாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து முகம் கழுவினாள்.

"படத்துக்கு மால போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. ரோசாப்பூ மால. படத்துக்குப் பக்கத்துலயே உக்காந்துருந்தா. வந்தவுங்க எல்லார்கிட்டயும் அவளே சொன்னா. எங்க வீட்டுக்காரரு குடிக்கல, சைலன்சர் நட்டு லூசாகி விழுந்துட்டாரு, சரிபண்ணத்தான் பட்டறைக்குப் போனாருன்னு. சிக்கந்தர் பாயும் வந்து சாட்சி சொன்னாரு."

"பெரியப்பா இருந்தாரா?"

"இருந்தாரு. அவருதான் கேட்டாரு, எந்தப் பய இப்பிடி மாட்டிக் குடுத்தான், அவன சும்மா விடக்கூடாதுன்னு."

மாலையம்மா துண்டை எடுத்து முகம் துடைத்து, கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள்.

"யாருன்னு தெரியலன்னு சொல்லிட்டா" என்றாள். "நீங்க ஏன் வரலைன்னு கேட்டதுக்கு, வெளியூர்ல வேலன்னா. சோறு போட்டா, எனக்குப் பாயசம் ரெண்டு தடவ ஊத்துனா. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனா. ஒங்க பேரு மட்டும் அவ வாயில வரல."